சாப்பாடு சுமார், சூழல் அருமை

அக்டோபர் 4

சால்னா: உப்பு சரி. எண்ணெய் நேற்றையது.
கோழி வறுவல்: மேலே காரம், உள்ளே ஒன்றுமில்லை.
மீன் குழம்பு: பாக்கெட் மசாலா. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் அட்டைச் சுவை.
பரோட்டா: நன்று. பரோட்டா மட்டும்தான்.

இதெல்லாம் அலுவலகக் கணினிக்குப் போய்விடும். மிச்சத்தை இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் இடம். கடலோரப் பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினங்களிலிருந்து வெளியேற ஒரே வழி கடைத்தெரு. துறைமுகத் தெரு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரை பெயர்ந்த சுவர் என்பது கண்ணாடியிழை. பாசி என்பது பெயிண்ட். எங்கோ ஒளித்துவைத்த குழாய் ஒன்று மாலை முழுக்கக் கருவாட்டு வாசனையை மெல்லியதாக ஊதிக்கொண்டிருக்கும். பொம்மைக் கடை, தொப்பிக் கடை, செண்டுக் கடை. கடைசியில் நாங்கள். சண்டியர் விலாஸ்.

ரவுடிகள் சாப்பிடும் இடம் என்பது கற்பனை. பீப்பாய்கள்தான் மேஜைகள். சுவரில் அட்டை அரிவாள்கள். லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலை. மாலையில், சாப்பிடுகிறவர்கள் நடுவிலேயே சண்டை நடக்கும். கதாநாயகன் ஸ்டீபன் வில்லனின் தலையில் பாட்டிலை உடைப்பான். வில்லன் பீப்பாய் மேல் விழுந்து, தட்டுகளோடு உருண்டு, தரையில் கிடப்பான். கைதட்டல்.

வில்லன் என் கணவன். தயாளன்.

பாட்டில் செய்வது நான்.


அக்டோபர் 7

உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் என்பதால் சமைத்ததை ருசி பார்க்கும் வேலை. சர்க்கரையைப் பற்றியும் தெரியும் என்பதால் பாட்டில் வேலையும் என் தலையில் விழுந்தது.

சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தண்ணீர். நிறம் மாறுவதற்குள் இறக்க வேண்டும். பச்சைச் சாயம் ஒரு சொட்டு. ரப்பர் அச்சில் ஊற்றி, சுவரெங்கும் ஒட்டுமாறு சுழற்றி, மிச்சத்தை உடனே கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்க்கத் தாமதித்தால் பாகு அடியில் தேங்கி இறுகிவிடும். பக்கங்கள் முட்டை ஓடு, அடி மட்டும் கருங்கல். அப்படி ஆனதைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

தயாவுக்கு இது கையாலேயே தெரியும். சண்டைக்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பான். பார்த்த பிறகுதான் ஸ்டீபனிடம் கொடுப்பான்.

"டேய், பக்கவாட்டுல அடி. அடிப்பாகம் பட்டுச்சுன்னா அப்பால நான் எழுந்துக்க மாட்டேன், என்னாண்ட வந்து சாரி சொல்லாத."

"தெரியும்ணா. தெனம் சொல்ற."

"தெனம் அடிக்கிற இல்ல. தெனம் சொல்வேன்."

எவ்வளவு மென்மையாகச் சொல்கிறான். ஸ்டீபனின் மணிக்கட்டைப் பிடித்து, காற்றில் இரண்டு முறை அடிக்க வைத்துக் காட்டுகிறான். குழந்தைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல.

விழுந்து எழுந்ததும் முகத்தில் ஒட்டிய சர்க்கரையை நாக்கால் நக்கிக் காட்டுவான். குழந்தைகள் ஓடிவந்து தரையில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கித் தின்னும். ரவுடி மிட்டாய் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தரப் பொறுப்பாளராக நான் இதைத் தடுக்க வேண்டும். முரளிதர் சார் தடுக்கக் கூடாது என்கிறார். தரையை நன்றாகத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்.


அக்டோபர் 11

இடது முழங்கையில் வீக்கம். குளிர் அறைக் கதவு.

அடுப்படியில் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆபிதாக்கா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"கதவு இடிச்சிடுச்சுக்கா."

"போன வாரமும் கதவு. அந்தக் கதவுக்கு உன் மேல அப்டி இன்னா கோவம்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினார்.


அக்டோபர் 15

மேலாளர் முரளிதர் சார் கூட்டம் போட்டார். வாசலில் இருக்கும் திரையில் வாடிக்கையாளர்கள் எழுதிவிட்டுப் போவதைப் படித்தார். "சாப்பாடு சுமார். சூழல் அருமை." இன்னொருவர்: "சால்னா ஆறிப்போயிருந்தது, ஆனால் சண்டை தத்ரூபம்." எல்லாம் ஏறக்குறைய இதே சாயல்.

எண்ணெயை மாற்றினால் போதும், பாதிப் புகார் போய்விடும் என்றேன்.

"சுகிர்தா, வீட்ல நல்ல சாப்பாடு சாப்பிட்டுட்டு வர்றவன் இங்க எதுக்கும்மா வர்றான்? சூழலுக்கு. அத விட்டுடாதீங்க. எனர்ஜி, எனர்ஜி."

தயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்பு எனக்குப் பிடிக்கும். இன்னும் பிடிக்கிறது. இதை எழுதும்போது ஏனோ வெட்கமாக இருக்கிறது.


அக்டோபர் 20. தீபாவளி.

காலையிலிருந்து மழை. ஈரம் சர்க்கரைக்கு எமன். பாட்டில்கள் மதியமே வியர்த்துவிட்டன. கையில் எடுத்தால் விரல் ஒட்டியது. முரளிதர் சாரிடம் சொன்னேன். ஈரம் பிடிக்காத சர்க்கரை வகை ஒன்று இருக்கிறது, வரவழைக்கலாம் என்று போன மாதமே எழுதிக் கேட்டிருந்தேன். அடுத்த சீசன் என்றார்.

உட்கார இடமில்லாத கூட்டம். ஸ்டீபன் ஓங்கி அடித்தான். பாட்டில் உடையவில்லை. வளைந்தது. தயாவின் தலைமேல் பச்சைத் தொப்பிபோலக் குந்திக்கொண்டது. தயா விழவா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றான்.

சிரிப்பு. எல்லாப் பீப்பாய்களிலிருந்தும் சிரிப்பு.

"ரப்பர் ரவுடி!" என்று யாரோ கத்தினார்கள். குழந்தைகள் பிடித்துக்கொண்டன. ரப்பர் ரவுடி, ரப்பர் ரவுடி.

தயா குனிந்து வணங்கினான். நிமிர்ந்தபோது அடுப்படி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.


அக்டோபர் 21

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.


அக்டோபர் 23

தயா மல்லிகைப்பூவும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி வந்தான். பஜ்ஜி நன்று. மாவில் ஓமம், கைப்பக்குவம்.

நான் படித்தபோது எங்கள் கல்லூரி வளாகத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. நூலகத்தின் மாடியிலிருந்து ஒருவன் விழுந்தான். கீழே மெத்தை இருந்தது எனக்குத் தெரியாது. அலறினேன். அவன் எழுந்து வந்து, "உனுக்காக இன்னொரு வாட்டி விழட்டா?" என்றான். விழத் தெரிந்தவனால் யாருக்கும் தீங்கு வராது என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன்? அதில் தர்க்கம் எதுவும் இல்லை.

பிறகு அவன் முட்டி போனது. சினிமா போனது. இங்கே வந்தோம். தினமும் விழுகிறான், அடி வாங்குகிறான், கைதட்டல் வாங்குகிறான். பணியாளர் குடியிருப்பில் கைதட்ட யாரும் இல்லை.


நவம்பர் 1

கோயம்புத்தூரில் நிறுவனத்தின் மத்திய சமையற்கூடம் திறக்கிறார்கள். தலைமை ருசிப் பரிசோதகர் வேண்டுமாம். விண்ணப்பம் போட்டால் இம்மாதக் கடைசியில் தேர்வு. தேர்வு என்றால் காகிதம் இல்லை. கிண்ணங்கள். எதில் என்ன, எவ்வளவு என்று நாக்கு சொல்ல வேண்டும்.

பெண்களுக்கென்று தனி விடுதி உண்டு.

ஆபிதாக்காவிடம் மட்டும் சொன்னேன். முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவன் கூட வருவானா?"

"அங்க சண்டை இல்லக்கா. வெறும் கிச்சன்."

கத்தி நின்றது.

"அப்ப போய்டு. சொல்லிக்கினு போவாத. போய்டு."

விண்ணப்பித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஆறு வகை மிளகாயைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியும். என்னிடம் என்னுடையதாக இருப்பது இந்த நாக்கு ஒன்றுதான்.


நவம்பர் 6

முரளிதர் சார் நல்லவர். வாழ்த்துச் சொல்வதை நல்ல பழக்கமாக வைத்திருக்கிறார். ஒப்பனை அறைக்குள் போய், தயாவின் தோளில் தட்டி, "ஒய்ஃப் கோயம்புத்தூர் போறாங்க போல, கங்கிராட்ஸ்" என்று சொல்லியிருக்கிறார்.

குடியிருப்புக்குப் போகும் பேருந்தில் தயா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கும்வரை விடவில்லை. பார்த்தவர்களுக்கு அழகாக இருந்திருக்கும்.


நவம்பர் 8

குளியலறையில் வழுக்கிவிட்டது. பின்தலை சுவரில் மோதியது. உள் உதடு கிழிந்திருக்கிறது.

சால்னா:
கோழி வறுவல்:
மீன் குழம்பு:

ஒன்றும் தெரியவில்லை. கரண்டியின் சூடு தெரிகிறது. எண்ணெயின் வழவழப்பு தெரிகிறது. அதற்கப்பால் சுவர். கருவாட்டுக் குழாயருகே போய் நின்றேன். காற்றுதான் வந்தது. வாய் முழுக்க இரும்பு மட்டும்.

நேற்றைய குறிப்பையே கணினியில் மறுபடி ஏற்றினேன்.


நவம்பர் 10

மட்டன் குழம்பில் இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டுவிட்டார்கள். நான் சரி என்று அனுப்பினேன். ஒரு பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"இத வாயில வச்சுப் பாத்தது யாரு? கூப்புடுங்க அந்த மகராசிய."

நான்தான் என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் திரும்பிப் போய்விட்டார்.

ஆபிதாக்கா என்னைச் சாமான் அறைக்குள் இழுத்தார். உப்பைக் கிள்ளி என் நாக்கில் வைத்தார்.

"இன்னா இது?"

"மணல் மாதிரி இருக்குக்கா."

அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பின்தலையில் அவர் விரல் பட்டதும் கத்திவிட்டேன். வழுக்கினால் அந்த இடத்தில் அடிபடாது என்றார். ஒருவர் பிடித்து மோதினால்தான் படும் என்றார். நான் குளியலறைத் தரையைப் பற்றி விளக்கினேன். நீளமாக விளக்கினேன்.

இனி அவர் ருசித்து என் காதில் சொல்வார். நான் எழுதுவேன்.


நவம்பர் 14

மருத்துவர்: தலையில் பலமாக அடிபட்டால் சில சமயம் மணமும் ருசியும் போகும். திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். மறுபடி அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"யாராவது...?" என்று ஆரம்பித்தார். தயா பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"பாத்ரூம் டைல்ஸ் டாக்டர்" என்றான். "மாத்தச் சொல்லிகினே இருக்கேன்."


நவம்பர் 19

மழை. பாட்டில்கள் வியர்த்தன. மறுபடி வளைந்தது. மறுபடி ரப்பர் ரவுடி.

இந்த முறை தயா வணங்கவில்லை. அடுப்படிக்குள் வந்தான். பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தேன். தலைமுடியைப் பிடித்தான். ஊஞ்சல் கதவு என் நெற்றியில் மோதித் திறந்தது. விளக்கு வெளிச்சம். பீப்பாய்கள். முகங்கள். எல்லாரும் வாயில் சாப்பாட்டோடு.

"இவதான்! இவதான் பாட்டில் செய்றவ! படிச்சவ! கேளு, இவளாண்ட கேளு!"

அறைந்தான். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். நடிப்பில் அறையும்போது கை கன்னத்தைத் தாண்டிப் போகும், சத்தம் தொடையில் தட்டி வரும். இதில் சத்தம் என் முகத்திலிருந்து வந்தது. விழுந்தேன். எனக்கு விழத் தெரியாது. தாடை பீப்பாய் விளிம்பில் பட்டது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்து விலாவில் உதைத்தான்.

வாய்கள் மெல்வதை நிறுத்தின.

பிறகு கைதட்டினார்கள். முதலில் ஒரு மூலையில், பிறகு எல்லா இடத்திலும். யாரோ விசிலடித்தார்கள். தரையிலிருந்து பார்க்கும்போது செல்பேசி விளக்குகள் நட்சத்திரங்கள் மாதிரி தெரிந்தன.

தயா மூச்சுவாங்கிக்கொண்டு நின்றான். கைதட்டலைக் கேட்டான். அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். மெதுவாகக் குனிந்து வணங்கினான்.

என் கையையும் பிடித்துத் தூக்கி வணங்க வைத்தான்.


நவம்பர் 20

முரளிதர் சார் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். வேலை போகப் போகிறது என்று நினைத்தேன். காவல் நிலையம் என்றுகூட நினைத்தேன். நினைத்ததில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

"பிரில்லியன்ட்" என்றார். "என்கிட்ட சொல்லாம ரிகர்சல் பண்ணியிருக்கீங்க. திரையில பாருங்க."

படித்தேன். "உடம்பு சிலிர்த்துவிட்டது." "அந்தப் பெண் உண்மையான நடிகை." "சாப்பாடு சுமார், சூழல் வேற லெவல்."

"சார், அது..." என்றேன்.

தயா என் முதுகில் கை வைத்தான். வெறுமனே வைத்தான்.

"அத டெய்லி வச்சுக்கலாம்" என்றார் முரளிதர் சார். "ஆனா கடைசில ஒரு சேஞ்ச். நீங்க அடி வாங்கி விழறீங்க. எழுந்திரிக்கிறீங்க. பாட்டில எடுத்து அவர் தலையில நீங்களே உடைக்கிறீங்க. லேடீஸுக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டீபனுக்கு வேற ரோல் பாத்துக்கலாம்."

தாடையில் தையல் போட்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார். "மேக்கப் கூட இவ்ளோ நேச்சுரலா வராது" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத வரவில்லை.


நவம்பர் 24

தேர்வு. வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் மாதிரி ஏதோ. எல்லாமே தண்ணீராகவே இருந்தது. ஊகித்தேன். இனிப்பு என்றேன். புளிப்பு என்றேன். எதிரில் இருந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"மழைங்க மேடம். சளி."

"சரியானதும் எழுதுங்க. இடம் இருந்தா பாக்கலாம்."

வெளியே வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினேன். அந்தத் தண்ணீரும் அதே சுவை.


நவம்பர் 27

நடிப்பாகவே செய்வதாக ஒப்பந்தம். கை கன்னத்தைத் தாண்டிப் போக வேண்டும். முதல் நாள் தாண்டிப் போனது. கைதட்டல் குறைவு. அடுத்த நாள் தாண்டவில்லை.

பாட்டிலை நான் எடுப்பேன், அவன் தலையில் உடைப்பேன், அவன் அழகாக விழுவான். இப்போதெல்லாம் அவன் பாட்டிலை எடை பார்ப்பதில்லை. கேட்டேன்.

"ஸ்டீபன் கையின்னா பயம். அவன் எருமை. உன் கையில இன்னாடி இருக்கு? நீ கருங்கல்லால அடிச்சாலும் எனுக்குக் கொசு கடிச்ச மாரிதான்."

சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.


நவம்பர் 29

இன்று சொல்லிவிட்டேன். தரையிலிருந்து எழுந்து, அவர்களைப் பார்த்து, சத்தமாக.

"இது நடிப்பு இல்ல. இவன் நெசமாவே என்னை அடிக்கிறான். வீட்லயும் அடிக்கிறான். யாராவது போலீஸுக்குப் போன் பண்ணுங்க."

குரல் உடைந்தது. மூக்கிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. எந்த வார்த்தையையும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். அவள் பரோட்டாவைக் கீழே வைக்கவில்லை.

முரளிதர் சார் பிறகு வந்து, "அந்த டயலாக் இருக்கட்டும்" என்றார்.

 குடியிருப்புக்குப் போனதும் தயா கதவைத் தாழிட்டான்.


நவம்பர் 30

எழுத முடியவில்லை. வலது கைச் சுண்டுவிரல்.


டிசம்பர் 3

பாட்டில் வேலை. ஒரு அச்சைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பாகு அடியில் இறுகியிருந்தது. பக்கங்கள் வழக்கம்போல மெல்லியவை. அடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்குக் கெட்டி. பச்சையாக, தெளிவாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

தூக்கிப் போட வேண்டும்.

ஈரம் படாமல் இருக்க அரிசிப் பெட்டியில் புதைத்து வைத்தேன்.


டிசம்பர் 5

ஆபிதாக்கா அரிசி எடுக்கப் போனவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடி இது, அம்மிக்குழவி மாரி கனக்குது."

"தப்பாப் போச்சுக்கா. கவுக்க மறந்துட்டேன்."

"அப்ப குப்பையில போடு."

"போடணும்."

என் சுண்டுவிரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். தாடைத் தையலைப் பார்த்தார். பாட்டிலைத் தன் முந்தானையால் துடைத்தார், விரல் தடம் எதுவும் இல்லாமல், ஒரு பாத்திரத்தைத் துடைப்பதுபோல. அரிசிக்குள் திரும்பப் புதைத்தார். மேலே அரிசியைத் தடவிச் சமப்படுத்தினார்.

"நாளைக்கி வேற மூட்டை பிரிச்சுக்கலாம்" என்றார். "இதுல யாரும் கைய வெக்க வேணாம்."


டிசம்பர் 7. ஞாயிறு.

ஆபிதாக்கா காதில் சொன்னவை. சால்னா: உப்பு சரி. கோழி வறுவல்: காரம் கூடுதல். பரோட்டா: நன்று.

மழை விட்டிருந்தது. கூட்டம் தெருவரை நின்றது.

முடி. கதவு. வெளிச்சம். அறை. மறு அறை. விழுந்தேன். விலாவில் உதை. எழுந்தேன். வசனத்தைச் சொன்னேன். கைதட்டினார்கள். தயா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை விரித்து, கூட்டத்தைப் பார்த்து இளித்தான். அது அவன் நடிப்பில் வழக்கமானது. வில்லன் தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கும் இடம்.

பாட்டில் பீப்பாய் மேல் இருந்தது, ஒரு அரிசி மணி அதில் ஒட்டியிருந்தது. கழுத்தைப் பிடித்து எடுத்தேன். பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பக்கவாட்டில்தான் ஓங்கினேன். கை திரும்பியது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. கண்ணாடி உடையும் கலீர் பிறகுதான் வந்தது. அதற்கு முன் ஒன்று, தேங்காயைத் தரையில் போட்டதுபோல. இடது காதுக்கு மேலே.

அவன் விழுந்த விதம் சரியில்லை. பீப்பாயை நோக்கி விழவில்லை. தட்டுகளைத் தள்ளவில்லை. கைகளை ஊன்றவில்லை. இருந்த இடத்திலேயே மடங்கினான். இவ்வளவு வருடங்களில் அவன் விழுந்ததிலேயே அசிங்கமான விழுதல் அதுதான்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். காதிலிருந்து வழிந்தது, சர்க்கரைத் துண்டுகளுக்கு நடுவே பாதை தேடிக்கொண்டு ஓடியது. அவனது வலது கால் தரையை இரண்டு மூன்று முறை தட்டியது. அதற்கும் தட்டினார்கள்.

குழந்தைகள் ஓடிவந்தன. வரக் கூடாது என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறுமி துண்டு ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இந்த மிட்டாய் உப்பா இருக்கும்மா."

அப்போதுதான் யாரோ அலறினார்கள்.


டிசம்பர் 8

காவல் ஆய்வாளர் கேட்டார். சொன்னேன். "மழைக்காலத்துல பாகு சரியா வராது சார். ஈரத்துல அடியில தேங்கிடும்."

முரளிதர் சார் வியர்த்துக்கொண்டே தலையாட்டினார். "ஆமா சார், மழைன்னா பாட்டில் சொதப்பும். இவங்க வேற சர்க்கரை கேட்டுப் பல வாட்டி எழுதியிருக்காங்க. நான்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவருக்கும் உங்களுக்கும் முன்னாடியே ஏதாவது தகராறு?"

"எல்லாம் நடிப்பு சார்" என்றார் முரளிதர் சார், எனக்கு முன்பாக. "நான்தான் ஸ்கிரிப்ட் சொன்னேன்." நடிப்பில்லை என்றால் தன் கதி என்ன என்று அவருக்கு நேற்றே புரிந்திருக்கும்.

ஆய்வாளர் என் தாடையைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது.

ஈரத்தில் சர்க்கரை இளகும். அடியில் தேங்காது. அடியில் தேங்குவது கவிழ்க்காமல் விட்டால் மட்டும்தான். ஆபிதாக்காவைத் தவிர இது தெரிந்த ஒரே ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான்.


டிசம்பர் 12

பூங்கா திறந்திருக்கிறது. எங்கள் கடை மட்டும் பூட்டு. வாசல் திரையை அணைக்க மறந்துவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் இன்னும் எழுதுகிறார்களாம். அன்றைய கூட்டத்தில் இருந்த யாரோ எழுதியதை ஸ்டீபன் காட்டினான். "இவ்வளவு தத்ரூபமான நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. உணவு இன்னும் மேம்படலாம்."


டிசம்பர் 19

கண் விழித்திருக்கிறான். பேச்சு இல்லை. திரும்புமா என்று தெரியாது என்றார்கள். வலது கை, வலது கால் அசையவில்லை. அந்த வலது கை போர்வை மேல் உள்ளங்கை மேலாக விரிந்து கிடக்கிறது. பாட்டிலை எடை பார்த்த கை. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் கண் என்னைவிட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது கோபமா, வேறேதாவதா? அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

செவிலி கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தாள். "கொஞ்சங் கொஞ்சமா ஊட்டுங்க. முழுங்குறாரு."

பழக்கம். முதல் கரண்டியை என் வாயில் வைத்துப் பார்த்தேன்.

கரண்டியின் சூடு. நொய்யின் கொழகொழப்பு. பிறகு, நாக்கின் ஓரத்தில், மெல்லியதாக, வெகு தொலைவிலிருந்து ஏதோ ஒன்று வந்தது. அசையாமல் இருந்தேன். அசைந்தால் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை.

அவன் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தான்.

கஞ்சி: உப்பு ஒரு கல் குறைவு.

அப்படியே ஊட்டினேன்.